வேலை நாளை முடித்து வைப்பது எப்படி

லேப்டாப்பை மூடுவதும் வேலையை முடிப்பதும் ஒன்றல்ல. மூடி வைத்த பிறகும் பாதி எழுதிய மின்னஞ்சல், பதில் வராத கேள்வி, "அந்த ஃபைலைச் சேவ் பண்ணினோமா" என்ற சந்தேகம் எல்லாம் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். குளிக்கும்போது ஓடும், யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது ஓடும், படுத்த பிறகு இன்னும் வேகமாக ஓடும்.

நான் மென்பொருள்களுக்குப் பயனர் கையேடு எழுதுகிறவள். வீட்டிலிருந்துதான் வேலை. ஒரு கையேடு முடிய மாதக்கணக்கில் ஆகும். முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது மென்பொருளில் ஒரு பொத்தானை இடம் மாற்றிவிடுவார்கள், பாதிப் படங்களைத் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும். இப்படிப்பட்ட வேலையில் "இன்று எல்லாம் முடிந்தது" என்று எழுந்திருக்கும் நாள் வரவே வராது. ஆகவே வேலை முடியாமல் இருக்கும்போதே நாளை முடிக்கத் தெரிய வேண்டும். அதற்கு ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். கால் மணி நேரம் போதும். உங்கள் வேலை கணக்கோ, வடிவமைப்போ, ஆராய்ச்சியோ, மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து செய்வதாக இருந்தால் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் நேரம். மாலை ஆறு மணிக்கு மேஜையை விட்டு எழ வேண்டுமென்றால் ஆறு மணிக்கு அலாரம் வைக்காதீர்கள். ஐந்தே முக்காலுக்கு வையுங்கள். அந்த அலாரத்துக்கு ஒரு பெயர் கொடுங்கள். போனில் அலாரத்துக்குப் பெயர் எழுத இடம் இருக்கும், பலரும் அதைக் காலியாகவே விட்டுவிடுகிறார்கள். என் அலாரத்தில் "புதிதாக எதையும் திறக்காதே" என்று இருக்கிறது. காலையில் எழுப்பும் ஒலியையே இதற்கும் வைத்துவிடாதீர்கள். மென்மையான வேறு ஒன்று நல்லது. இந்தக் கால் மணி நேரத்தில் புதிய வேலை எதையும் தொடுவதில்லை என்பது மட்டுமே விதி. "ரெண்டு நிமிஷம்தான்" என்று தோன்றும் வேலைகள்தான் இங்கே ஆபத்து. நாளின் கடைசியில் தொடங்கும் இரண்டு நிமிட வேலை இரண்டு நிமிடத்தில் முடிவதில்லை, களைப்பில் செய்வதால் மறுநாள் திருத்தவும் வேண்டியிருக்கும்.

அலாரம் அடிக்கும்போது ஒரு பகுதியின் நடுவில் இருந்தால் அதை எப்படியாவது முடித்துவிட்டு எழ வேண்டும் என்று ஓட வேண்டாம். நடுவிலேயே நிறுத்துவது மறுநாளுக்கு நல்லது. அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருக்கும் இடத்தில் விட்டுவிட்டுப் போனால் காலையில் உட்கார்ந்ததும் கை தானாக ஓடும். ஓர் அத்தியாயத்தைச் சுத்தமாக முடித்துவிட்டுப் போனாலோ மறுநாள் வெற்றுப் பக்கம்தான் எதிரே இருக்கும்.

அந்த ஒரு வரி

இந்த வழக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். எழுவதற்கு முன் நாளைக்குச் செய்ய வேண்டிய முதல் காரியத்தை ஒரு வரியில் எழுதி வையுங்கள்.

எழுதும் விதம் முக்கியம். "கையேட்டு வேலை" என்று எழுதினால் அது தலைப்பு. காலையில் அதைப் பார்த்தால் எங்கே தொடங்குவது என்று திரும்ப யோசிக்க வேண்டும். நான் எழுதுவது இப்படி இருக்கும்: "நான்காம் அத்தியாயம், கடவுச்சொல் மாற்றும் பகுதி. மூன்றாவது படம் பழையது. புதியது 'திரைகள்' ஃபோல்டரில் இருக்கிறது, அதைப் போடு. பிறகு அதன் கீழே இரண்டாம் படியைத் திருத்து, பொத்தானின் பெயர் மாறிவிட்டது." எந்த ஃபைல், எந்த இடம், என்ன செயல், அதற்கு வேண்டியது எங்கே இருக்கிறது. இந்த நான்கும் இருந்தால் போதும். முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து அந்த வரியைப் படித்தால் வேலையைத் தொடங்க முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் வரி சரியாக இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு நீங்களும் கிட்டத்தட்ட அந்த நிலையில்தான் இருப்பீர்கள்.

எதையாவது பாதி யோசித்து வைத்திருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். "இந்தப் பத்தி நீளம் என்று தோன்றுகிறது, இரண்டாகப் பிரிக்கலாமா?" இந்த மாதிரி. பதில் எழுத வேண்டியதில்லை, கேள்வி தாளில் இருந்தால் போதும். தலை அதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் போய்விடும்.

இதற்குப் பின்னால் ஆராய்ச்சியும் இருக்கிறது. பெர்லினில் படித்த உளவியலாளர் புளூமா ஜெய்கார்னிக் 1927இல், பாதியில் நிறுத்தப்பட்ட வேலைகள் முடித்த வேலைகளைவிட நன்றாக நினைவில் நிற்கின்றன என்று எழுதினார். பின்னால் வந்தவர்கள் செய்த சோதனைகளில் அது எப்போதும் அதே போல வரவில்லை. ஆனால் முடியாத வேலை மனதை வந்து வந்து தொடுகிறது என்பதை நாம் எல்லோரும் அனுபவத்தில் அறிவோம். மசிகம்போ, பௌமைஸ்டர் என்ற இருவர் 2011இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் பயனுள்ளது. முடியாத வேலை தொந்தரவு செய்வதை நிறுத்த அந்த வேலையை முடிக்கவே வேண்டியதில்லை, அதை எப்போது, எப்படிச் செய்யப் போகிறோம் என்று தெளிவாகத் திட்டம் போட்டாலே அந்தத் தொந்தரவு அடங்குகிறது என்று அவர்கள் கண்டார்கள். இதைப் படித்தபோது எனக்குப் பெரிய நிம்மதி. மனசு கேட்பது முடிவை அல்ல, ஏற்பாட்டை.

தூக்கத்தை வைத்தும் ஒரு சோதனை நடந்திருக்கிறது. 2018இல் மைக்கேல் ஸ்கலின் குழு வெளியிட்டது. 57 பேர். படுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் எழுத வேண்டும். பாதிப் பேர் அடுத்த நாட்களில் செய்ய வேண்டியதையும், மீதிப் பேர் அண்மையில் செய்து முடித்ததையும் எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகவே தூங்கிவிட்டார்கள். அவர்களிலும் எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம் தூங்கினார்கள். சின்ன சோதனைதான், எல்லோரும் இளைஞர்கள். ஆனாலும் "விவரமாக" என்பதைக் கவனியுங்கள். மேலே சொன்ன நான்கும் அதற்காகத்தான்.

எங்கே எழுதுவது? நான் காகிதத்தில் எழுதுகிறேன். கோடு போட்ட சின்ன நோட்டு, விசைப்பலகையின் மேல் திறந்தபடியே வைத்துவிட்டுப் போவேன். காலையில் அதை நகர்த்தாமல் தட்டச்சு செய்ய முடியாது. கணினியில் எழுதுவதாக இருந்தால் திறந்தவுடன் கண்ணில் படும் இடத்தில் எழுதுங்கள். பத்து குறிப்புச் செயலிகளில் ஏதோ ஒன்றில் எழுதி வைத்தால் காலையில் அதைத் தேடப் போய் மின்னஞ்சலுக்குள் விழுந்துவிடுவீர்கள்.

டேப்களை மூட பயப்பட வேண்டாம்

மாலையில் பிரவுசரைப் பாருங்கள். இருபது, முப்பது டேப் திறந்திருக்கும். ஒவ்வொன்றும் "என்னை மறந்துவிடாதே" என்று சொல்லிக்கொண்டிருக்கும். பலர் அவற்றை மூடாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, இழந்துவிடுவோமோ என்ற பயம். அந்தப் பயத்துக்குப் பிரவுசரிலேயே மருந்து இருக்கிறது. குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் கண்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறந்திருக்கும் டேப்கள் அத்தனையும் ஒரே ஃபோல்டரில் புக்மார்க் ஆகிவிடும். ஆங்கிலத்தில் நாயைக் குறிக்கும் 'டாக்' என்பதன் முதல் எழுத்தான டி (D) அது. அந்த ஃபோல்டருக்குத் தேதியைப் பெயராகக் கொடுங்கள். அப்புறம் எல்லாவற்றையும் மூடுங்கள். தவறுதலாக மூடியது ஏதாவது உடனே வேண்டுமென்றால் அதே இரண்டு விசைகளுடன் 'டைம்' என்பதன் டியை (T) அழுத்துங்கள், கடைசியாக மூடியது திரும்பி வரும். குரோம் பார்த்த பக்கங்களின் வரலாற்றைத் தொண்ணூறு நாள் வரை கணினியில் வைத்திருக்கிறது. அதுவரை நீங்களே அழிக்காவிட்டால் ஒன்றும் தொலைந்து போகாது.

அந்தத் தேதி ஃபோல்டர்களைப் பெரும்பாலும் நான் திரும்பித் திறப்பதில்லை. இருக்கிறது என்ற தெம்பு போதும்.

மறுநாள் முதல் வரிக்கு வேண்டிய ஒரு டேப்பை மட்டும் விடலாமா என்றால், விடலாம். ஒன்று மட்டும்.

மின்னஞ்சல் கடைசியில் வேண்டாம்

பலரும் செய்வது: வேலையெல்லாம் முடித்து, எழுவதற்கு முன் "ஒரு தடவை மெயில் பார்த்துவிடலாம்." பார்த்தால் அதில் ஏதோ ஒன்று இருக்கும். பதில் எழுத நேரம் இருக்காது, மனதிலிருந்து இறக்கவும் முடியாது. அதை ஏற்றிக்கொண்டே எழுந்து போவோம். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் இதைப் பற்றி எழுதினார். ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்கு மாறும்போது கவனத்தில் ஒரு பங்கு பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்கிறார் அவர். அலுவலக வேலைகளை வைத்துச் சொன்னதுதான். ஆனால் வேலையிலிருந்து வீட்டுக்கு மாறுவதும் ஒரு மாற்றம்தானே? பிள்ளை சொல்லும் கதையைப் பாதிக் காதால் கேட்பது இப்படித்தான் நடக்கிறது.

ஆகவே கடைசி மின்னஞ்சல் பார்வையை முடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே வைத்துக்கொள்ளுங்கள். உடனே பதில் சொல்ல முடியாததற்கு ஒரு வரி போதும்: "கிடைத்தது. நாளை மதியத்துக்குள் பார்த்துச் சொல்கிறேன்." எதிரில் இருப்பவருக்கும் இது பெரிய உதவி, அவரும் அன்றைக்கு அதை மனதிலிருந்து இறக்கி வைக்கலாம்.

இரவில் உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதி வையுங்கள், அனுப்ப வேண்டாம். ஜிமெயிலில் 2019 முதல் நேரம் குறித்து அனுப்பும் வசதி இருக்கிறது. அனுப்பும் பொத்தானுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அம்புக்குறியை அழுத்தி மறுநாள் காலை என்று தேர்ந்தெடுத்தால் போதும். அவுட்லுக்கிலும் உண்டு. நீங்கள் ஒரு குழுவை நடத்துபவர் என்றால் இதைத் தயவுசெய்து செய்யுங்கள். "அவசரமில்லை, நாளைக்குப் பார்த்தால் போதும்" என்று எழுதி இரவு பத்து மணிக்கு அனுப்பினாலும் வாங்குகிறவருக்கு அது இரவு பத்து மணிச் செய்திதான்.

போனுக்குள் இருக்கும் அலுவலகம்

லேப்டாப்பை அணைத்துவிடலாம், போனை அணைக்க முடியாது. அதில் குடும்பமும் இருக்கிறது, நண்பர்களும் இருக்கிறார்கள். ஆகவே அதற்குள் வேலையை மட்டும் பிரித்து மூட வேண்டும்.

நிறுவனம் உங்கள் ஆண்ட்ராய்டு போனில் வேலைக்கென்று தனி புரொஃபைல் அமைத்துக் கொடுத்திருந்தால் அதிர்ஷ்டம். ஒரே தட்டில் அந்த புரொஃபைலை நிறுத்திவிடலாம், மறுநாள் திரும்ப இயக்கும்வரை அதில் இருக்கும் செயலிகள் பேசாது. ஐபோனில் 2021இல் வந்த ஃபோகஸ் வசதியில் மாலை நேரத்துக்கென்று ஒன்றை அமைத்து, எந்தச் செயலி, எந்த ஆள் மட்டும் உள்ளே வரலாம் என்று தேர்ந்தெடுக்கலாம். நேரமும் குறித்துவிடலாம், தினமும் நினைவு வைத்துச் செய்ய வேண்டியதில்லை. இரண்டும் இல்லையென்றால் தொந்தரவு செய்யாதே என்னும் அமைப்பு எல்லாப் போனிலும் இருக்கிறது.

நோட்டிஃபிகேஷன்களை ஒரேயடியாக நிறுத்தத் தயக்கமாக இருந்தால் ஒவ்வொன்றாக வடிகட்டலாம். ஆண்ட்ராய்டில் எட்டாம் பதிப்பு முதல், அதாவது 2017 முதல், ஒரே செயலியின் அறிவிப்புகளே வகை வகையாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. வந்திருக்கும் அறிவிப்பை விரலால் அழுத்திப் பிடித்தால் அந்த வகையை மட்டும் ஊமையாக்கலாம். உங்களுக்கு நேராக வரும் செய்தி ஒலிக்கட்டும், "இன்னார் ஃபைலைத் திருத்தினார்" என்பது ஒலிக்க வேண்டாம். ஒவ்வொரு தொல்லையும் வரும்போது அந்த இடத்திலேயே இதைச் செய்துகொண்டே வந்தால் கொஞ்ச நாளில் போன் அமைதியாகிவிடும். உட்கார்ந்து மொத்தமாகச் செய்ய முயன்றால் சலித்துவிடும். வாட்ஸ்அப்பில் வேலைக் குழுக்களை ஆர்க்கைவ் செய்து வையுங்கள், புதிய செய்தி வந்தாலும் பட்டியலின் உச்சியில் வந்து நிற்காது.

என்னுடன் வேலை செய்யும் வடிவமைப்பாளர் ஒருமுறை கேட்டார்: "அக்கா, எல்லாத்தையும் மூடிட்டா, நிஜமாவே அவசரம்னா என்ன பண்றது?" நியாயமான கேள்வி. அவசரம் என்றால் அழைக்க வேண்டும், எழுதக் கூடாது. இதுதான் எங்களுக்குள் இருக்கும் ஏற்பாடு. தொந்தரவு செய்யாதே அமைப்பில் ஒரே எண்ணிலிருந்து அடுத்தடுத்து இரண்டு முறை அழைத்தால் இரண்டாவது அழைப்பை உள்ளே விடும் வசதி இருக்கிறது. ஆண்ட்ராய்டில் பதினைந்து நிமிடத்துக்குள், ஐபோனில் மூன்று நிமிடத்துக்குள் அழைத்தால் மணி அடிக்கும். அந்த வசதி இயங்குகிறதா என்று பார்த்துவிட்டு உங்கள் குழுவில் எல்லோரிடமும் இதைச் சொல்லி வையுங்கள். அழைக்க வேண்டும் என்றானதும் பெரும்பாலான அவசரங்கள் காலை வரை காத்திருக்கும் என்பது அவர்களுக்கே தெரிந்துவிடுகிறது.

மேலதிகாரி இரவிலும் பதில் எதிர்பார்ப்பவர் என்றால் இது வெறும் அமைப்பு விஷயம் இல்லை, பேசித்தான் தீர வேண்டும். மாலையில் சண்டையாகப் பேசாமல், சாதாரணமான ஒரு காலையில் பேசுங்கள். "ஆறு மணிக்குப் பிறகு செய்தி பார்ப்பதில்லை, அவசரமென்றால் அழையுங்கள், காலையில் முதல் வேலையாகப் பதில் தருகிறேன்" என்று எப்போது கிடைப்பேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இப்படிக் கேட்பது சலுகை கேட்பதல்ல. பிரான்சில் 2017 ஜனவரி முதல் ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் இதைப் பற்றித் தொழிலாளர்களுடன் பேசியாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் வேலை நேரத்துக்கு வெளியே வரும் தொடர்புகளுக்குப் பதிலளிக்க மறுக்கும் உரிமை 2024 ஆகஸ்டில் வந்தது. உங்கள் நாட்டில் சட்டம் இல்லாவிட்டாலும் இது உலகத்தில் பேசப்படும் விஷயம் என்பது உங்களுக்குத் தைரியம் கொடுக்கட்டும்.

முறை வைத்து இரவில் காத்திருக்க வேண்டிய மருத்துவர்களுக்கும், கணினி சர்வர்களைக் கவனிப்பவர்களுக்கும் இந்தப் பகுதி அப்படியே பொருந்தாது. அவர்கள் முறை இல்லாத நாட்களிலாவது முழுமையாக மூட வேண்டும்.

எழுந்த பிறகு

கணினியை ஷட் டவுன் செய்யுங்கள், தூங்க மட்டும் வைக்காதீர்கள். விண்டோஸில் ஒரு சின்னத் தகவல்: வேகமாகத் தொடங்கும் வசதி இயக்கத்தில் இருந்தால் ஷட் டவுன் செய்தாலும் அமைப்பின் உட்பகுதி சேமிக்கப்பட்டு மறுநாள் அப்படியே எழும். கணினி மந்தமாக இருக்கிறதென்றால் ரீஸ்டார்ட்தான் புதிதாகத் தொடங்கும் வழி. ஆனால் நான் அணைக்கச் சொல்வது கணினிக்காக இல்லை. மூடியைத் திறந்தால் உடனே விட்ட இடம் வரும் என்றால் இரவில் திறப்போம். கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும் என்றால் பெரும்பாலும் திறக்க மாட்டோம். அணைத்த பிறகு அதைக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். தனி அறை இருப்பவர்கள் கதவைச் சாத்தலாம். இல்லாதவர்களுக்கு ஓர் இழுப்பறையோ பையோ போதும்.

அலுவலகம் போய்வருபவர்களுக்குப் பயணம் என்று ஒன்று நடுவில் இருக்கிறது. களைப்பாக இருந்தாலும் அது மனதை மாற்றிக்கொள்ள நேரம் தருகிறது. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு அது இல்லை, நாற்காலியிலிருந்து எழுந்து நான்கு அடி வைத்தால் வீடு. ஆகவே ஒரு சின்ன நடையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வெளியே போய்விட்டு வாருங்கள், போனை எடுக்காமல். நாள் முழுக்கத் திரையைப் பார்த்த கண்ணுக்கும் தூரத்தில் பார்க்க ஏதாவது வேண்டும். பக்கத்தில் இருப்பதை மணிக்கணக்காகப் பார்க்கும்போது கண் சிமிட்டுவதும் குறைந்துவிடுகிறது.

அப்புறம் ஓய்வு. இதை யாரும் திட்டமிடுவதில்லை, அதனால்தான் அது போனுக்குப் போய்விடுகிறது. முடிவில்லாமல் உருட்டிக்கொண்டே போகும் பக்கம் 2006இல் ஏசா ராஸ்கின் வடிவமைத்தது. பின்னாளில் அவரே அதற்காக வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறார். பக்கத்துக்கு முடிவு இருந்தால் அங்கே ஒரு கணம் "போதுமா?" என்று கேட்டுக்கொள்வோம். அந்தக் கணத்தை எடுத்துவிட்டதுதான் அந்த வடிவமைப்பு. ஆகவே முடிவுள்ள பொழுதுபோக்கைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். ஒரு புத்தகத்தின் ஓர் அத்தியாயம், ஒரு படம், ஒரு ஆட்டம், யாராவது ஒருவருடன் பேச்சு. தொடர் பார்ப்பதாக இருந்தால் அடுத்த பகுதி தானாக ஓடுவதை அமைப்பில் நிறுத்திவிடுங்கள். அடுத்ததைப் பார்க்க வேண்டுமென்றால் நீங்களே அழுத்திப் பாருங்கள். பார்ப்பது தவறில்லை, தேர்ந்தெடுத்துப் பார்க்க வேண்டும்.

அதை எப்போது தேர்ந்தெடுப்பது? காலையிலேயே. மாலையில் களைத்திருக்கும்போது "என்ன செய்யலாம்" என்று யோசித்தால் கையில் இருப்பதுதான் ஜெயிக்கும். நான் நோட்டில் வேலை வரிக்குக் கீழே இன்னொரு வரி எழுதுகிறேன்: இன்று மாலை என்ன? சில நாள் "சும்மா இருப்பது" என்றும் எழுதுவேன். அதுவும் ஒரு தேர்வுதான். புத்தகம் என்று எழுதினால் அதை அப்போதே எடுத்து நான் உட்காரும் இடத்தில் வைத்துவிடுவேன், மாலையில் தேட வேண்டியிருந்தால் நடக்காது.

மறுநாள் காலையில் ஒன்றே ஒன்று: மின்னஞ்சலைத் திறப்பதற்கு முன் நோட்டில் இருக்கும் வரியைச் செய்யுங்கள். இருபது நிமிடமாவது. மின்னஞ்சலை முதலில் திறந்தால் அன்றைய முதல் காரியத்தை வேறு யாரோ முடிவு செய்துவிடுவார்கள், முந்தைய மாலை எழுதிய வரி வீணாகும். அப்படி வீணாவது இரண்டு மூன்று முறை நடந்தால் மனது அந்த வரியை நம்புவதை விட்டுவிடும். பிறகு எழுதி வைத்தாலும் ராத்திரி தலைக்குள் ஓட்டம் நிற்காது.

வார விடுமுறைக்கு முன் மாலையில் மட்டும் அந்த ஒரு வரி போதாது. இரண்டு நாள் இடைவெளியில் விவரங்கள் மங்கிவிடும். ஒரு பத்தியாகவே எழுதுங்கள்: எங்கே விட்டேன், ஏன் அங்கே விட்டேன், யாருடைய பதிலுக்குக் காத்திருக்கிறேன், அது வராவிட்டால் எதைத் தொடங்குவது. நீண்ட விடுப்பு என்றால் அந்தப் பத்தியின் ஒரு நகலை உங்கள் வேலையைப் பார்த்துக்கொள்பவருக்கும் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.